கடலில்லாத கொங்கு நாடும் பாய்மரக் கப்பலும்

கேள்வி இதுதான்: “நான் பொள்ளாச்சிக்காரன். டாப்ஸ்லிப்பில் வெட்டிய தேக்கு கப்பல் கட்டப் போனது என்று அங்கே வந்த வழிகாட்டி சொன்னார். கடலே இல்லாத நம்ம ஊருக்கும் பாய்மரக் கப்பலுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா, இல்லை சும்மா சொல்லும் கதையா? அந்த மரக்கப்பல்களை ஓட்டியவர்கள் யார்? இன்னும் இருக்கிறார்களா? ஒரு தடவையாவது அதில் ஏறிப் போக முடியுமா?”

தொடர்பு உண்டு. அது கதையும் இல்லை. வழிகாட்டி சொன்னது அதில் ஒரு பகுதிதான்.

கப்பல் என்றதும் நமக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு மரக்கப்பலில் என்னென்ன இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். அடிமரம், விலாச்சட்டம், பலகை, பாய்மரம் எல்லாம் மலைக்காட்டிலிருந்து வருகின்றன. பலகை இடுக்கை அடைக்கும் குங்கிலியம் மலையில் வடிவது. பாய்த்துணி கரிசல் காட்டுப் பருத்தி. உள்ளே ஏற்றும் சரக்கில் பெரும்பகுதி உள்நாட்டில் விளைந்தது, தோண்டியெடுத்தது, நெய்தது. கடற்கரையில் நடப்பது கட்டும் வேலையும் ஓட்டும் வேலையும். இந்த இரண்டையும் செய்தவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்களைப் பற்றிப் பின்னால் நிறையவே எழுதப் போகிறேன். ஆனால் கப்பலின் கதையைக் கரையிலிருந்து ஆரம்பிப்பது தப்பு. மலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படி ஆரம்பித்தால் கொங்கு நாடு தானாக உள்ளே வந்துவிடும்.

எங்கள் குடும்பத்துக்கு மரத்தொழில். அதனால் தேக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஐரோப்பியர்கள் தங்கள் கப்பல்களை ஓக் மரத்தில் கட்டினார்கள். ஓக் வலுவான மரம்தான். ஆனால் அதில் இருக்கும் டானின் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். ஆணி துருப்பிடித்துத் தளர்ந்ததும் பலகை ஆட ஆரம்பிக்கும். தேக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதிலுள்ள எண்ணெய்ப் பசை ஆணியைக் காப்பாற்றும், கரையானை அண்டவிடாது, கடல்நீரில் மரத்தைத் துளைக்கும் புழுவையும் ஓரளவு தடுக்கும். வெயிலிலும் தண்ணீரிலும் மாறி மாறிக் கிடந்தாலும் தேக்கு அதிகம் சுருங்காது, அதிகம் ஊதாது. கப்பலுக்கு இதுதான் மிக முக்கியம். மேல்பாதி வெயிலிலும் கீழ்ப்பாதி நீரிலும் வருடக்கணக்கில் இருக்கும் ஒரு பொருளில், பலகைகள் சுருங்கி விரிந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு இடுக்கிலும் ஒழுகும்.

இந்த அருமை தெரிந்துதான் கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாயில் கப்பல் கட்டும் துறையை வளர்த்தது. 1736இல் சூரத்திலிருந்து லோவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்ற பார்சித் தச்சரை அங்கே அழைத்து வந்தார்கள். அவருடைய பரம்பரை நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே கப்பல் கட்டியது. பிரிட்டிஷ் கடற்படைக்கே போர்க்கப்பல் செய்து கொடுத்தார்கள். 1813இல் கட்டிய கார்ன்வாலிஸ் கப்பலின் மேல்தளத்தில்தான் 1842இல் சீனாவோடு நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1817இல் கட்டிய டிரிங்கோமாலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்டில்பூல் ஊரில் மிதக்கிறது. இருநூறு வருடம் தாண்டியும் அதன் தேக்கு உறுதியாக இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டிரிங்கோமாலி ஆனைமலைத் தேக்கில் கட்டியது என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படி உரிமை கொண்டாடக் கூடாது. அது மலபார்த் தேக்கு. ஆனைமலையில் அரசு ஒழுங்காக மரம் வெட்ட ஆரம்பித்தது அதற்குப் பல வருடம் கழித்துத்தான். உண்மையாகவே நமக்குள்ள பங்கு போதுமான அளவு பெரியது, இல்லாததைச் சேர்க்கத் தேவையில்லை.

மலபார்க் காடுகளை முதலில் சுரண்டினார்கள். கப்பலுக்குத் தேக்கு வேண்டும் என்பதற்காகவே 1806இல் வாட்சன் என்ற அதிகாரியை வனப் பாதுகாவலராக நியமித்தார்கள். பெயர்தான் பாதுகாவலர். மரம் முழுவதும் கம்பெனிக்கே என்று அவர் கெடுபிடி செய்ததில் வியாபாரிகளும் விவசாயிகளும் கொதித்துப் போனார்கள். 1823இல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். அதன்பின் ஆளாளுக்கு வெட்டினார்கள். இருபது வருடத்துக்குள் ஆற்றோரத்தில், எளிதாகக் கைக்கு எட்டும் இடத்தில் நல்ல தேக்கே இல்லாமல் போயிற்று. 1840களில் மலபார்க் கலெக்டர் கொனோலி நிலம்பூரில் தேக்கு நட ஆரம்பித்ததற்கு இதுதான் காரணம். நட்ட மரம் முற்ற அறுபது எழுபது வருடம் ஆகும். அதுவரை பம்பாய்த் துறை காத்திருக்குமா? பார்வை கிழக்கே திரும்பியது. அப்போதைய கோயம்புத்தூர் ஜில்லாவின் ஆனைமலைக் காடு, ஏறிப்போவது கஷ்டம் என்பதாலேயே பிழைத்துக் கிடந்தது.

1840களின் கடைசியில் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை ஆனைமலைக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பின் டக்ளஸ் ஹாமில்டன் வந்தார். 1856இல் மதராஸ் மாகாணத்துக்கு வனத்துறை அமைந்து டாக்டர் கிளெக்ஹார்ன் முதல் தலைவரானதும், 1858இல் அவரே ஆனைமலை உச்சிவரை ஏறிப் பார்த்து எழுதி வைத்தார்.

வேலை நடந்த விதம் இப்படி. தேக்கைப் பச்சையாக வெட்டினால் தண்ணீரில் மூழ்கிவிடும். ஆற்றில் விட வேண்டிய தேக்கை அதனால் முதலில் அடியில் பட்டையைச் சுற்றிலும் செதுக்கி, நின்ற நிலையிலேயே காயவிடுவது வழக்கம். ஒன்றிரண்டு வருடம் கழித்து, ஈரமெல்லாம் வற்றியபின் வெட்டுவார்கள். வெட்டிய கட்டையை யானை இழுத்து மலை விளிம்புக்குக் கொண்டுவரும். அங்கிருந்து சரிவில் தள்ளிவிட்டால் சேத்துமடைப் பக்கம் கீழே வந்து விழும். நீங்கள் நின்று போட்டோ எடுத்த டாப்ஸ்லிப், கட்டையைத் தள்ளிவிட்ட அந்த மேல்விளிம்புதான். கீழே மாட்டுவண்டி. பிறகு மேற்கே பாலக்காட்டுப் பக்கம் கொண்டுபோய் ஆற்றில் இறக்கி, பொன்னானிக் கடற்கரைக்கு மிதக்கவிட்டார்கள். பொன்னானியிலிருந்து பம்பாய்.

ஆற்றைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நொய்யல், பவானி, அமராவதி எல்லாம் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கின்றன. ஆனால் உங்கள் ஊர் ஆழியாறு மேற்கே திரும்பிச் சித்தூர் வழியாகப் பாரதப்புழையில் கலந்து, பொன்னானியில் அரபிக்கடலில் விழுகிறது. பொள்ளாச்சிப் பக்கத்து மழைத்தண்ணீரே மேற்குக் கடலுக்குத்தான் போகிறது. மரமும் அதே திசையில் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

காட்டுக்குள் இந்த வேலையைத் தூக்கிச் சுமந்தவர்கள் ஆனைமலைப் பழங்குடிகளான மலசரும் காடரும். எந்தச் சரிவில் கட்டை நிற்கும், எங்கே புரளும், எந்த மரம் உள்ளே பொந்து விழுந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். யானை பழக்குவதில் மலசரை மிஞ்ச ஆளில்லை. இன்றைக்குக் கோழிகமுத்தி யானை முகாமில் நீங்கள் பார்க்கும் பாகன்களில் பலர் அந்த மரபில் வந்தவர்கள். அதிகாரிகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. இவர்களுடைய பெயர்களை அநேகமாக யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனைமலைத் தேக்கு என்று பேசும்போதெல்லாம் எனக்கு மனது வலிக்கும் இடம் இது.

இன்னொன்று, காடர்கள் மலையிலிருந்து தேனோடு குங்கிலியமும் சேகரிப்பார்கள். இந்த மாதிரிக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சித்தான் மரக்கலங்களின் இடுக்கில் பூசுவது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை உளிவைத்து அடித்து இறக்கி, மேலே குங்கிலியம் பூசுவார்கள். கலப்பத்து அடிப்பது என்று அதற்குப் பெயர். பாய்மரத்துக்கு நேராக ஓங்கி வளர்ந்த மலைப்புன்னை வேண்டும். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலைச் சரக்கு.

இந்த மரவெட்டு அதிக நாள் நீடிக்கவில்லை, அதாவது கப்பலுக்காக நீடிக்கவில்லை. 1860இல் பிரிட்டிஷ் கடற்படை வாரியர் என்ற இரும்புக் கப்பலைக் கடலில் இறக்கியது. மரப் போர்க்கப்பலின் காலம் முடிந்தது. ஆனால் அதே சமயம் ரயில் வந்தது. மதராஸிலிருந்து மேற்கே போட்ட ரயில்பாதை 1862இல் போத்தனூர் வழியாக மலபார்ப் பாதையோடு இணைந்தது. தண்டவாளக் கட்டைக்கு மரம் வேண்டும், எரிக்க விறகு வேண்டும். கப்பல் விட்ட கோடரியை ரயில் எடுத்துக்கொண்டது. அந்தப் பாதையின் மேற்கு முனை எது தெரியுமா? பேப்பூர். இன்றும் கேரளத்தில் உரு என்கிற மரக்கப்பல் கட்டுகிறார்களே, அதே பேப்பூர் துறைதான். கோழிக்கோட்டுக்கு ரயில் போனது அப்புறம் பல வருடம் கழித்து, 1888இல். அதுவரை போத்தனூரில் சரக்கு ஏற்றினால் அது மரக்கலங்கள் நிற்கும் துறையில் போய் இறங்கும்.

மொட்டையாகிப்போன ஆனைமலைச் சரிவுகளை மறுபடி தேக்காக்கியவர் ஹ்யூகோ வுட். முதல் உலகப்போர் சமயத்தில் இங்கே வன அதிகாரியாக வந்தார். கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்னமும் சொல்கிறார்கள். 1933இல் இறந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப் பக்கத்திலேயே இருக்கிறது. “என் நினைவுச் சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார்” என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். அடுத்த தடவை போனால் பாருங்கள். அப்படியே பரம்பிக்குளத்துக்குள் போய்க் கன்னிமாரா தேக்கையும் பார்த்துவிடுங்கள். சுற்றளவு ஏழு மீட்டர் பக்கம் வரும். கேரளத்துக் காடுதான், ஆனால் போகும் சாலை நம்ம சேத்துமடை வழிதான். கப்பலுக்கு வெட்டிய காலத்தில் இந்தக் காடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்த ஒரு மரம் சாட்சி.

இதுவரை சொன்னது இருநூறு வருடத்துக் கதை. இதைவிடப் பழைய தொடர்பு ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் பெரியது.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1980களில் தொடங்கிய அகழாய்வில் அங்கே மணிக்கல் பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழ் பிராமி எழுத்துள்ள நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. பக்கத்திலேயே காங்கயம் படியூரில் பெரில் என்கிற நீலப்பச்சைக் கல் கிடைத்தது. ரோமானியர்களுக்கு அந்தக் கல்மேல் தீராத ஆசை. கல்லும் இரும்பும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளக் கரையிலிருந்த பழைய முசிறித் துறைக்குப் போயின. திரும்பி வந்தது காசு. வெள்ளலூரிலும் கரூர் அமராவதி ஆற்று மணலிலும் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடலிலிருந்து இத்தனை தூரம் தள்ளி அந்தக் காசு கிடைக்கிறது என்றால், எங்கோ ஒரு பாய்மரக் கப்பலின் வயிற்றில் நம்ம ஊர்ச் சரக்கு போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மறுமுனையில், எகிப்தில் செங்கடல் ஓரம் பெரெனிகே என்றொரு பழைய துறைமுகம். அங்கே தோண்டியபோது இந்தியப் பானை ஒன்று நிறைய மிளகு கிடைத்தது. தமிழ் பிராமியில் பெயர் கீறிய ஓடு கிடைத்தது. பாலைவனத்து வீடுகளில் தேக்கு உத்தரங்கள் கிடைத்தன. கப்பலை உடைத்தபின் அந்த மரத்தை வீணாக்காமல் வீட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது பாய்த்துணி. அங்கே கிடைத்த கப்பல் பாய்த் துண்டுகள் சில இந்தியப் பருத்தியில், இந்திய முறையில் நூற்றவை. எகிப்தில் நூல் முறுக்கும் பக்கம் வேறு, நம் நாட்டில் முறுக்கும் பக்கம் வேறு. அந்த முறுக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ரோமானியக் கப்பலை இழுத்தது இந்திய நூல்! திருப்பூர், கோவை, சென்னிமலை என்று நூலோடு பிறந்து வளர்ந்தவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? பாடப்புத்தகத்தில் மிளகும் முத்தும் வருகின்றன, பாய்த்துணி வருவதில்லை.

அப்புறம் காற்று. செங்கடலிலிருந்து கிளம்பிய கப்பல்கள் ஜூலை மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துத் திறந்த கடலில் பாய் விரித்தன. நாற்பது நாளில் முசிறி வந்துவிடலாம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கப்பல்களைத் தள்ளிவந்த அதே காற்று கரையோடு நின்றுவிடுவதில்லை. மேற்கு மலை முழுக்கச் சுவராக நிற்க, பாலக்காட்டில் மட்டும் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்திருக்கிறது. மழையை மலபாரில் கொட்டிவிட்டு, வெறும் வேகத்தோடு காற்று அந்த வாசலில் நுழைகிறது. ஆடி மாதம் பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் பல்லடத்திலும் தென்னை மட்டையைப் பிய்த்து எறிகிறதே, அது முசிறிக்குக் கப்பல் கொண்டுவந்த காற்றின் மிச்சம். குடிமங்கலம், பூளவாடிப் பக்கம் காற்றாலை வரிசையாக நிற்பதும் அதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்த நமக்கு, கடலோடிகள் ஏன் காற்றை நம்பி உயிரைக் கொடுத்தார்கள் என்பது புரியாமல் போகாது.

சரி, அந்தக் கடலோடிகள் யார்?

நம் பக்கத்துக்குக் கிட்ட இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று தூத்துக்குடித் தோணி. மீன்பிடிக்கும் சின்னத் தோணி என்று நினைக்காதீர்கள், இது நூற்றுக்கணக்கான டன் ஏற்றும் சரக்குக் கப்பல். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள் என்று கொண்டுபோகும். ஓட்டுபவர்கள் பெரும்பாலும் பரதவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களுக்கும் கப்பல் வியாபாரத்தில் நீண்ட மரபு உண்டு. கப்பல் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். கட்டும் தச்சர் ஓடாவி. இந்தியாவில் கடைசிவரை பாயை மட்டும் நம்பிச் சரக்கு ஏற்றிய கப்பல்களில் தூத்துக்குடித் தோணியும் ஒன்று. கடந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் இன்ஜின் பொருத்தினார்கள்.

இரண்டாவது பேப்பூர் உரு. அரபு வணிகர்களுக்காகவே கட்டிக் கட்டி வளர்ந்த கலை. மூத்த ஆசாரி வரைபடம் எதுவும் இல்லாமல், மனக்கணக்கிலேயே நூறடிக்கு மேற்பட்ட கப்பலை எழுப்புவார். முதலில் ஏரா எனப்படும் அடிமரம். அதன்மேல் பலகை ஏற ஏற, உள்ளே வளைந்த வங்குக்கால்களைப் பொருத்துவார்கள். வளைவை மரத்தில் செதுக்குவதில்லை, வளைந்தே வளர்ந்த மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். நேர் மரத்தை வளைவாகச் செதுக்கினால் நார் அறுந்து வலு போய்விடும். மரக்கடையில் வளைந்த கட்டையை விறகு விலைக்குத் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கப்பல் தச்சருக்கு அதுதான் பொன்.

கட்டி முடித்த உருவைத் தண்ணீரில் இறக்குவது கலாசிகள் என்கிற துறைமுகத் தொழிலாளர்கள். கயிறு, கப்பி, உருளைக்கட்டை, கூடவே ஒரே தாளத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு. கிரேன் கிடையாது. 1988இல் கேரளத்துப் பெருமண் பாலத்திலிருந்து ரயில் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, பெட்டிகளை வெளியே இழுக்க இந்தக் கலாசிகளைத்தான் கூப்பிட்டார்கள்.

பாய் ஓட்டுவதை எளிது என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கப்பல்களின் பெரிய பாய் முக்கோணம் போல இருக்கும். பருமல் என்கிற நீண்ட சாய்ந்த கழியில் அதைக் கட்டியிருப்பார்கள். இந்த வடிவத்தால் காற்று பக்கவாட்டில் அடித்தாலும் கப்பல் முன்னே போகும், எதிர்க்காற்றிலும் சாய்ந்து சாய்ந்து ஏறும். சிக்கல் திரும்பும்போதுதான். காற்றை மறுபக்கம் வாங்க வேண்டுமானால், கப்பலைவிட நீளமாகக்கூட இருக்கும் அந்தக் கழியையும் பாயையும் பாய்மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். புயலடிக்கும்போது, இருட்டில், ஆடும் தளத்தில். கை நழுவினால் பாய்மரமே முறியும். அதனால் பெரும்பாலும் காற்றுக்கு எதிரே திரும்பாமல், காற்றுக்கு முதுகைக் காட்டிச் சுற்றி வளைத்துத் திருப்புவார்கள். நேரமாகும், ஆனால் ஆள் பிழைக்கும்.

காற்று விழுந்துவிட்டால் அது வேறு விதமான சோதனை. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நல்ல காற்றில் ஓரிரு நாள்தான். காற்றில்லாவிட்டால் நாட்கணக்கில் நடுக்கடலில் கிடக்க வேண்டும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். தளத்தில் மண்பெட்டிமேல் விறகடுப்பு, அதில் சோறும் மீன்குழம்பும். கழிப்பறை என்றால் பின்பக்கம் கடலுக்கு வெளியே தொங்கும் ஒரு பெட்டி. இதிலேயே மாதக்கணக்கில் குடும்பம் நடத்துவது போல ஒரு கூட்டம் வாழ்ந்திருக்கிறது. அரசாங்கமும் இலக்கியமும் அவர்களை இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கவனித்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

திசைகாட்டிக்கு முன்னால் வழி கண்டுபிடித்தது நட்சத்திரத்தை வைத்துத்தான். தமிழ்க் கடலோடிகளிடம் ராப்பலகை என்ற ஒரு கருவி இருந்தது. அரபுக்காரர்கள் கமால் என்பார்கள். ஒரு சின்ன மரப்பலகை, நடுவில் முடிச்சுகள் போட்ட ஒரு கயிறு. பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு வட துருவ நட்சத்திரத்திலும் தொடுகிற மாதிரி முன்னே பிடித்து, கயிற்றின் எந்த முடிச்சு பல்லுக்கு வருகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு முடிச்சு. அந்த முடிச்சு வந்துவிட்டால் உன் துறைக்கு நேர்கோட்டில் இருக்கிறாய், இனி கரை இருக்கும் பக்கம், கிழக்கோ மேற்கோ, நேராகப் போனால் போதும்.

இதை நீங்கள் வீட்டு மொட்டை மாடியிலேயே செய்து பார்க்கலாம். துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் எத்தனை பாகையில் நிற்கிறதோ, கிட்டத்தட்ட அதுதான் நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. பொள்ளாச்சிக்கு பத்தரைக்குக் கொஞ்சம் மேலே, கோவைக்கு பதினொன்று. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை. வடக்கே மலை மறைக்காத ஒரு காட்டு வெளியில் போய் நின்று பாருங்கள். அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தில் மங்கலாக அது தெரியும். முசிறியும் ஏறக்குறைய அதே ரேகையில்தான் இருந்தது.

கொங்கு நாட்டுக்கென்று சொந்தமாக ஓடம் இல்லையா என்றால், பரிசல் உண்டு. மூங்கில் பின்னலில் முன்பு எருமைத் தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். காவிரியில் பாய் விரித்து ஓட்ட வழியில்லை, பாறையும் சுழியும் அதிகம். பாறையில் மோதினாலும் உடையாமல் நழுவிப்போகும் பரிசல்தான் அங்கே சரி. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே போதும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இன்னும் இருக்கிறார்களா, ஏற முடியுமா?

இருக்கிறார்கள். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகள் இன்னும் நிற்கின்றன. குஜராத்தில் மாண்ட்வி, சலாயா ஊர்களில் பெரிய மரக்கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன. பெயருக்கு முன்னால் எம்.எஸ்.வி. என்று எழுதியிருப்பார்கள். இன்ஜின் வைத்த பாய்க்கப்பல் என்ற வகையில் பதிவானவை. பாய் இப்போது பெரும்பாலும் துணைக்குத்தான், ஓட்டுவது டீசல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் கடலில் இறங்க மாட்டார்கள், நம்ம ஆடிக்காற்று அங்கே அலையாக எழும் மாதங்கள் அவை. இவை சரக்குக் கப்பல்கள், பயணி ஏற அனுமதி கிடையாது. தண்டலிடம் கெஞ்சினாலும் அவரால் உங்களை ஏற்ற முடியாது, அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். நங்கூரமிட்டு நிற்கும்போது, துறைமுக அனுமதியோடு, தளத்தில் ஏறிப் பார்க்கலாம்.

முழுக்கப் பாயில் ஓடும் பழைய முறைக் கப்பலும் மறுபடி வந்திருக்கிறது. இந்தியக் கடற்படை 2025 மே மாதம் ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா என்ற கப்பலைச் சேர்த்துக்கொண்டது. அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலைப் பார்த்துக் கட்டியது. பலகைகளை ஆணியடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருக்கிறார்கள். தைத்தவர்கள் கேரளத்துத் தச்சர்கள். இன்ஜின் கிடையாது. இப்படி இன்னும் கட்டுவதற்குப் பணத்தைவிடப் பெரிய தடை, இந்தத் தையல் தெரிந்த ஆட்கள் மிகச் சிலரே மிஞ்சியிருப்பதுதான். அவர்களிடம் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கையால் பாய் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால் சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, பாய்ப்படகு ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். ஃபைபர் படகுதான், ஆனால் சுக்கானும் பாயும் காற்றும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கைக்குத் தெரிந்துவிடும். அதைக் கற்றபின் தோணியைப் பார்த்தால், சாதாரணமாகக் கண்ணில் படாத பத்து விஷயம் புலப்படும்.

பேப்பூருக்குக் கோவையிலிருந்து ரயிலில் போவது எளிது. பாலக்காடு, ஷொரணூர் தாண்டி, கோழிக்கோட்டுக்கு முன்னால் பரோக் நிலையத்தில் இறங்கினால் பக்கம். கணவாயைத் தாண்டும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். முசிறிக்குச் சரக்கு போன வழியும், காற்று வரும் வாசலும் அதுதான். உரு கட்டும் வேலை எப்போதும் நடக்காது, ஆர்டர் வந்தால்தான். அதனால் போவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே ஆசாரியிடம் எந்த மரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நிலம்பூர்த் தேக்கும் இருக்கும், மலேசியாவிலிருந்து வந்த மரமும் இருக்கும். அயனி என்கிற காட்டுப்பலாப் பலகையைத் தொட்டுப் பாருங்கள், தேக்கைத் தொட்டுப் பாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து வருகிறேன், டாப்ஸ்லிப் பக்கம் என்று சொல்லுங்கள். மரம் தெரிந்தவர்கள் உங்களுக்கு நேரம் ஒதுக்கிப் பேசுவார்கள்.